வலது முன் சக்கரம்

பந்தய சீசன் பாதி முடிந்து, கார்களையெல்லாம் மூடி வைத்துவிட்டு ஓட்டுநர்கள் குடும்பத்தோடு கடற்கரைக்குக் கிளம்பிப் போகிற அந்தச் சில வாரங்களில்தான் அவளுக்கு வேலை கழுத்தைப் பிடிக்கும். அவள் வேலை பார்த்த விளையாட்டுச் சேனலில் பந்தயம்தோறும் அவளுடைய அலசல் நிகழ்ச்சி உண்டு; அது போக ஆண்டுதோறும் 'பாதி வழி' என்று ஒரு நிகழ்ச்சி. முதல் பாதியில் எந்த ஓட்டுநர் எப்படி, எந்த அணி எப்படி, யாருக்கு ஏறுமுகம், யாருக்கு இறங்குமுகம் என்று அலசிப் பத்துக்கு இத்தனை என்று மார்க்குப் போடுவாள். கறாரான கை. உலகமே தலையில் தூக்கி வைத்து ஆடிய ஓட்டுநருக்கு ஒரு வருஷம் ஐந்து போட்டாள். அவனுடைய ரசிகர்கள் ஒரு மாதம் அவளை வறுத்தெடுத்தார்கள். மார்க்கு டீச்சர் என்ற பெயர் அப்போது வந்ததுதான். பிறகு அது அலுவலகத்திலும் ஒட்டிக்கொண்டது. வாசல் காவலாளிகூட, "டீச்சர், இன்னிக்கு யாரு ஃபெயிலு?" என்று கேட்டுத்தான் கதவைத் திறப்பார்.

அந்த வருஷம் எல்லோரையும் குழப்பியது ஊதா அணி. சீசன் தொடங்கியபோது அவர்களைத் தொட ஆளில்லை. அவர்களுடைய ஓட்டுநர் நெட்டையன், காருக்குள் எப்படி மடங்கி உட்காருகிறான் என்று எல்லோரும் வியக்கும் உயரம், வரிசையாகக் கோப்பைகளை வாங்கிக்கொண்டிருந்தான். நடுவில் என்ன ஆயிற்றோ, மெல்ல மெல்லப் பின்னால் போனார்கள். மஞ்சள் அணியில் அவசரம் என்று பெயரெடுத்த பையன் முந்தினான். சாம்பல் அணியில் எல்லோருக்கும் மூத்தவர், மாமா என்று அழைக்கப்படுகிறவர், அவரும் முந்தினார். பாதி வழியில் ஊதா அணி மூன்றாம் இடத்தில் நின்றது.

டீச்சரோடு மேஜையில் உட்காருகிறவர் ஒரு காலத்தில் தானே பந்தயம் ஓட்டியவர். அவரை எல்லோரும் மாஜி என்பார்கள். அவரும் அதைப் பட்டம் மாதிரி வைத்துக்கொண்டிருந்தார். "எஞ்சின்தான்," என்றார் மாஜி, முன்தயாரிப்புக் கூட்டத்தில். "வெயில் ஏறினா மூச்சு வாங்குது."

"நெட்டையனுக்குக் குழந்தை பொறந்திருக்கு, அதுலேருந்து பயம் வந்துடுச்சுன்னு மத்த சேனல்ல எல்லாம் சொல்றாங்க," என்றார் தயாரிப்பாளர். "எஞ்சின், குழந்தை ரெண்டுமே பழசு. எனக்குப் புதுசா ஒண்ணு வேணும். டீச்சர், உங்களைத்தான் நம்பியிருக்கேன்."

அவளிடம் புதிதாக எதுவும் இல்லை. எண்களை நாள் முழுக்கப் புரட்டினாள். எஞ்சினில் குறையில்லை. நெட்டையனும் வேகம் குறைத்து ஓட்டவில்லை. எங்கேயோ கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது, எங்கே என்று பிடிபடவில்லை.

இதில் ஒரு விஷயம் உண்டு. அவளுடைய சொந்த அண்ணன் ஊதா அணியில்தான் வேலை பார்த்தான். ஓட்டத்தின் நடுவே கார் டயர் மாற்ற உள்ளே வரும்போது, நாலு மூலையிலும் ஆட்கள் பாய்ந்து, ஒரு மூச்சு இழுத்து விடுவதற்குள் நாலு சக்கரத்தையும் கழற்றி மாட்டிவிடுவார்களே, அதில் வலது முன் சக்கரம் அவனுடையது. நட்டைக் கழற்றி முடுக்குகிற கன் அவன் கையில். சின்ன வயதிலிருந்தே அண்ணனும் தங்கையும் ஒரே டிவி முன்னால் உட்கார்ந்து, இவன் பெரியவனா அவன் பெரியவனா என்று அடித்துக்கொண்டு வளர்ந்தவர்கள். அவன் சக்கரத்துக்குப் போனான், இவள் பேச்சுக்கு வந்தாள். ஆனால் வேலை என்று வந்த பிறகு இருவருக்கும் நடுவே எழுதாத ஓர் ஒப்பந்தம் இருந்தது. அணிக்குள் நடப்பதை அவன் சொல்ல மாட்டான். இவளும் கேட்க மாட்டாள். தயாரிப்பாளர் ஒன்றிரண்டு முறை நூல் விட்டுப் பார்த்து, "அது நடக்காது சார்" என்று அவள் முகத்துக்கு நேரே சொன்ன பிறகு விட்டுவிட்டார். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் சாப்பாடு. அவன் வீட்டில் இருப்பதே அபூர்வம் என்பதால் அண்ணி கூப்பிட்டிருந்தாள். சாப்பிட்டு முடித்து அண்ணன் கூடத்தில் படுத்துவிட்டான். பெண்கள் இருவரும் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். அண்ணி தேய்த்துத் தர, இவள் அலம்பி அடுக்கினாள். பேசிக்கொண்டே இருந்த அண்ணி திடீரென்று பேச்சை நிறுத்தினாள்.

"என்ன அண்ணி?"

"ஒண்ணுமில்ல." கொஞ்ச நேரம் ஒரு தட்டையே தேய்த்தாள். பிறகு தலையை நீட்டிக் கூடத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "உங்க அண்ணனுக்கு வலது கை மரத்துப் போகுது. விரல்ல உணர்ச்சியே இல்லங்கறாரு. காலையில சட்டை பட்டன் நான்தான் போட்டு விடறேன். அந்த கன் அதிர்ந்து அதிர்ந்து நரம்பு போயிடுச்சு போல. டாக்டர்கிட்ட வாங்கன்னா, டாக்டர்கிட்ட போனா டீமுக்குத் தெரிஞ்சுடும், சீசன் முடியட்டும்ங்கறாரு."

"டீமுக்குத் தெரியாதா?"

"யாருக்கும் தெரியாது. எனக்கே ரொம்ப நாள் தெரியாது. நெஞ்சுல வெச்சுக்க முடியல, அதான் உன்கிட்ட சொல்றேன். மூச்சு விட்டுடாதே."

"சேச்சே, என்ன அண்ணி," என்றாள் அவள். சொன்னபோது அது உண்மைதான். மனதார வருத்தப்பட்டாள். அண்ணியின் ஈரக் கையைப் பிடித்து, சீசன் முடிந்ததும் தானே கூட வந்து அவனை டாக்டரிடம் இழுத்துப் போவதாகச் சொன்னாள்.

வீடு திரும்புகிற பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோதுதான் அது வந்தது. அண்ணனைப் பற்றிய கவலையோடு கவலையாக, அதன் முதுகிலேயே ஏறி வந்தது. வலது முன் சக்கரம். கசிவு அங்கேதான்.

மறுநாள் அலுவலகத்துக்குப் போன கையோடு ஊதா அணியின் டயர் மாற்றங்களை எல்லாம் வரவழைத்துத் திரையில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். தேட வேண்டியதே இல்லை, கண்ணில் அறைந்தது. மூன்று மூலையில் கைகள் உயர்ந்துவிடும், முடிந்தது என்று. நாலாவது கை மட்டும் தாமதமாக உயரும். அரை விநாடி, சில சமயம் அதற்கும் மேல். அந்த அரை விநாடியில்தான் அவசரம் முந்திப் போனான், மாமா முந்திப் போனார். தலைக்கவசம் போட்டுக் குனிந்திருந்த அந்த நாலாவது ஆளின் முதுகை அவளுக்குக் குழந்தையிலிருந்து தெரியும்.

மனம் வக்கீல் மாதிரி வாதாடத் தொடங்கியது. இதில் ரகசியம் என்ன இருக்கிறது? எல்லோரும் பார்த்த படம்தானே. எவனாவது உட்கார்ந்து பார்த்தால் அவனுக்கும் தெரியும். அண்ணி சொன்னது கையைப் பற்றி. நான் சொல்லப்போவது சக்கரத்தைப் பற்றி. ஆளின் பெயரைக்கூடச் சொல்லப்போவதில்லை. ஆனால் எவனும் உட்கார்ந்து பார்க்கவில்லை, அவளும்தான் பார்க்கவில்லை, அண்ணி வாய் திறக்கும்வரை. அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் மனம் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

நிகழ்ச்சி அன்று மாஜி எஞ்சினைப் பற்றி நீளமாகப் பேசினார். அவர் முடிக்கும்வரை காத்திருந்து அவள் படத்தைப் போட்டாள். ஒன்றன்பின் ஒன்றாக டயர் மாற்றங்கள். மூன்று கைகள், பிறகு ஒரு கை. "எஞ்சின் இல்ல, நெட்டையன் இல்ல, குழந்தையும் இல்ல," என்றாள். "ஊதா அணி தோத்துக்கிட்டிருக்கிறது இந்த ஒரு மூலையில. வலது முன் சக்கரம்."

மாஜி நாற்காலியைத் திரைப் பக்கம் திருப்பிக்கொண்டார். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் தயாரிப்பாளர் எழுந்தே நின்றுவிட்டார். அவளுக்கு உடம்பெல்லாம் ஒரு போதை ஏறியது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

மாஜி கேட்டார். "சரி டீச்சர், ஏன்? அந்த ஆள் போன வருஷம் எல்லாரையும்விட வேகமாச்சே."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அணிதான் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். மேலே விளக்குகள், எதிரே காமிரா, எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கை மரத்துப் போயிருக்கு," என்றாள். "விரல்ல உணர்ச்சி இல்லாம கன் பிடிச்சா இப்படித்தான் இருக்கும்."

ஊதா அணிக்குப் பத்துக்கு ஆறு போட்டாள்.

அந்தத் துண்டு காட்டுத்தீயாகப் பரவியது. மற்ற சேனல்கள் அதையே எடுத்துப் போட்டு, அவள் சொன்னதையே தாங்கள் சொல்கிற மாதிரி சொன்னார்கள். தயாரிப்பாளர் அவளை அணைக்காத குறை. வாசல் காவலாளி, "டீச்சர், எக்ஸ்ரே கண்ணு உங்களுக்கு," என்றார். அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியேறினாள்.

அண்ணன் அவளுடைய நிகழ்ச்சியை ஒன்று விடாமல் பார்ப்பவன். முடிந்த கையோடு போன் செய்து, இன்னாருக்கு ஏன் ஏழு, எட்டு போட்டிருக்கணும் என்று சண்டை பிடிப்பவன். அன்று போன் வரவில்லை. அடுத்த நாள் மத்தியானம் வந்தது. அவள் எடுக்கத் தயங்கி, கடைசி மணியில் எடுத்தாள்.

"பார்த்தேன் பாப்பா," என்றான். குரலில் கோபம் இல்லை. "பிரமாதமா கண்டுபிடிச்சே."

"அண்ணே..."

"அப்புறம் பேசறேன். டீம்ல கூப்பிட்டிருக்காங்க, போயிட்டு வரேன்."

அந்தப் 'பிரமாதம்' காதில் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

அதற்கடுத்த வாரம் அண்ணி அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். அதுவரை ஒருநாளும் வந்ததில்லை. வரவேற்பறையில், டீச்சருடைய பெரிய படம் மாட்டியிருக்கிற சுவருக்குக் கீழே, கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். டீச்சர் அவளைக் கேன்டீனுக்கு அழைத்துப் போனாள். சாப்பாட்டு நேரம் முடிந்து மேஜைகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். டீ வந்து இருவருக்கும் நடுவே ஆறிப்போனது.

"டெஸ்ட் எடுத்தாங்க," என்றாள் அண்ணி. "சக்கரத்துலேருந்து எடுத்துட்டாங்க. இனி பின்னாடி நின்னு, டயர் சூடு ஆறாம போர்வை போட்டு மூடி வைக்கிற வேலை. அது பரவாயில்ல. மேனேஜர் கேட்டாராம், தங்கச்சிக்கு நீதானே சொன்னேன்னு. உங்க அண்ணன் என்ன சொல்லிட்டு வந்தாரு தெரியுமா?"

டீச்சர் டீக் கோப்பையை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"நான் சொல்லல சார், அவ கேக்கவும் மாட்டா, அவளுக்கு அந்தப் பழக்கமே கிடையாது, அவளே பார்த்துக் கண்டுபிடிச்சிருப்பா, அவ மூளை அப்படி. இதை வீட்டுக்கு வந்து என்கிட்ட பெருமையா சொல்றாரு. நான் அடுப்பைப் பார்த்துக்கிட்டு நிக்கறேன்."

மேஜை துடைக்கிறவர் இவர்கள் மேஜைக்கு வந்து, இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு அடுத்த மேஜைக்கு நகர்ந்தார்.

"அண்ணி, நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு..." என்று தொடங்கியவள் முடிக்க முடியாமல் வேறொன்றைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா ஒரு விதத்துல, இனிமே வைத்தியம் பார்ப்பார் இல்லையா. கை தப்பிச்சுது."

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையைப் பிறகு பல நாள் அவளால் மறக்க முடியவில்லை. "நீ அதுக்காகத்தான் டிவியில சொன்னியா?"

"இல்ல."

"அப்போ அந்தப் பேச்சு வேண்டாம்."

"நான் இன்னிக்கே வந்து அவன்கிட்ட சொல்லிடறேன் அண்ணி. காலைப் பிடிச்சுக்கறேன்."

"என்னன்னு சொல்லுவே? உன் பொண்டாட்டி சொன்னா, நான் ஊருக்குச் சொன்னேன்னா?" அண்ணியின் குரல் உயரவே இல்லை. "சொன்னா உனக்குப் பாரம் இறங்கிடும். எனக்கு? அவரு என் ஒருத்தியை நம்பித்தான் கையை நீட்டினாரு, பட்டன் போட்டு விடுன்னு. நீ உன் வேலைக்காகச் சொன்னே. நான் எதுக்குச் சொன்னேன், வெறும் வாய். நான் எப்படி அந்த வீட்ல இருக்கறது?"

பஸ் ஸ்டாப் வரை கூடப் போனாள். அண்ணி ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாக இவளைப் பார்க்கவில்லை.

அதன் பிறகு டீச்சர் அண்ணன் வீட்டுப் பக்கமே போகாமல் சாக்குச் சொல்லித் தள்ளினாள். கடைசியில் அவனே கூப்பிட்டான். "ரெண்டாம் பாதி தொடங்கறதுக்குள்ள ஒரு தடவை வந்துட்டுப் போ பாப்பா. பேசணும்."

சாயங்காலம் போனாள். அண்ணன் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, டாக்டர் கொடுத்த மெத்தென்ற ரப்பர் பந்தை வலது கையால் அமுக்கிக்கொண்டிருந்தான். அமுக்குகிறான் என்று பெயர்தான்; பந்து அப்படியே இருந்தது. அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தான். அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "வா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்தாள்.

"என் மேல கோபமா, வரவே மாட்டேங்கற?" என்றான் அண்ணன்.

"எனக்கென்ன கோபம்?"

"இருக்கும். இருக்கணும்." பந்தைக் கீழே வைத்தான். "நான் மறைச்சது தப்பு பாப்பா. ஒருநாள் அந்த நட்டு சரியா உக்காரலன்னு வெச்சுக்கோ. முதல் வளைவுலயே சக்கரம் கழண்டு நெட்டையன் போய்ச் சேர்ந்திருப்பான். கைக்குழந்தைக்காரன். இதெல்லாம் தெரிஞ்சுதான் நான் கன்னைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன், சீசன் முடியட்டும், சீசன் முடியட்டும்னு. நீ சொன்ன அன்னிக்கு, உன் புரோகிராமுக்காகவே லீவுலயும் டீம் ரூம்ல கூடி, எல்லாரோடயும் உக்காந்து பார்த்துக்கிட்டிருந்தேன். ஒருத்தன்கூட என் பக்கம் திரும்பல. தரையில புதைஞ்சுடலாம்போல இருந்துச்சு. தங்கச்சி கண்டுபிடிச்சுச் சொல்ற அளவுக்கு நடந்துக்கிட்டேனேன்னு."

நெட்டையன் செத்திருக்கக்கூடும் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. படத்தை ஓட்டி ஓட்டிப் பார்த்த அத்தனை நேரத்திலும் ஒரு தரமும் தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியதெல்லாம் மாஜியின் முகம் எப்படிப் போகும் என்பதுதான். இப்போது அண்ணன் அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணு மட்டும் எனக்கு விளங்கல," என்றான் அவன். தொழில்காரனுக்கு உண்டான ஆர்வத்தோடு சற்று முன்னால் சாய்ந்தான். "சக்கரம் லேட்டாகுது, அது படத்துல தெரியும், சரி. கை மரத்துப்போச்சுன்னு எப்படிச் சொன்னே? தோள் பிடிப்பா இருக்கலாம். முட்டி மடங்காம இருக்கலாம். கன்னே மக்கர் பண்ணலாம். நீ விரல்ல உணர்ச்சி இல்லன்னே சொன்னியே."

அடுப்படியில் குழாய் நின்றது.

"அன்னிக்கு இங்க சாப்பிட வந்தேன்ல," என்றாள் டீச்சர். தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "அப்பப் பார்த்தேன். தண்ணி டம்ளரை ரெண்டு கையாலயும் பிடிச்சே. அதை வெச்சுத்தான்."

பொய். அன்று அவன் எப்படித் தண்ணீர் குடித்தான் என்றே அவளுக்கு நினைவில்லை. எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட அண்ணன் கையை அவள் பார்க்கவே இல்லை. சொல்லி முடித்ததும் அதுவும் சேர்ந்து உறைத்தது.

அவன் மெல்லப் பின்னால் சாய்ந்தான். "அப்போ படத்துல பார்க்கல."

"அப்புறம்தான் படத்தைப் பார்த்தேன்."

"இங்க பார்த்ததைத்தான் அங்க சொன்னே."

"ஆமா."

அவன் கீழே வைத்த பந்தைத் திரும்ப எடுத்தான். "என்கிட்ட கேட்டிருக்கலாமே பாப்பா," என்றான் பிறகு. "பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்."

அண்ணி கூடத்து வாசலில் வந்து நின்றாள். கையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அவ ஒண்ணும் பார்க்கல," என்றாள். "நான்தான் சொன்னேன். அடுப்படியில. யார்கிட்டயும் சொல்லாதன்னுதான் சொன்னேன், ஆனா நான்தான் சொன்னேன்." பிறகு நாத்தனாரின் பக்கம் திரும்பினாள். "எனக்காக நீ பொய் சொல்ல வேண்டாம். ஏற்கெனவே இருக்கறதே போதும்."

அண்ணன் ஒருத்தியைப் பார்த்தான், பிறகு மற்றவளைப் பார்த்தான். கோபத்தில் முகம் சிவக்கும் என்று டீச்சர் எதிர்பார்த்தாள். அது நடக்கவில்லை. ஏதோ கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கிறவன் மாதிரி கண்ணைச் சுருக்கினான். "நான் மேனேஜர்கிட்ட சத்தியம் பண்ணாத குறையா சொல்லிட்டு வந்தேன்," என்றான், யாரிடமென்று இல்லாமல். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

பெண்கள் இருவரும் அப்படியே இருந்தார்கள். யாரும் யாரையும் சமாதானப்படுத்தவில்லை. பிறகு அண்ணி தரையில் சொட்டிய தண்ணீரைக் காலால் துணியைத் தள்ளித் துடைத்தாள். "சாப்பிட்டுட்டுப் போ," என்றாள். "நீ போயிட்டா, துரத்திவிட்டேனான்னு கேப்பாரு."

அவன் திரும்பி வந்து கைகால் கழுவி உட்கார்ந்தான். மூவரும் சாப்பிட்டார்கள். இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டான். அண்ணி இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று கேட்டபோது தட்டை நகர்த்திக் கொடுத்தான். கோபித்துக்கொண்டு தட்டைத் தள்ளுகிற ஆளில்லை அவன். வலது கை சாப்பாடு முடியும்வரை மேஜைக்குக் கீழேயே இருந்தது.

மறுநாள் அவனே மேனேஜரிடம் போனான். விஷயம் தன் வீட்டிலிருந்துதான் வெளியே போயிருக்கிறது, முன்பு சொன்னது தவறு என்று சொன்னான். யார் வாயிலிருந்து போனது என்று சொல்லவில்லை. தன் வீடு என்றான், அவ்வளவுதான். வேலையை விட்டுத் தூக்கவில்லை. ஆனால் பந்தயங்களுக்குக் கூடப் போகிற கூட்டத்திலிருந்து எடுத்துப் பட்டறையில் போட்டுவிட்டார்கள். இத்தனை வருஷம் ஊர் ஊராகப் போனவன், காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிறவன் ஆனான்.

டீச்சர் தன் பங்குக்குத் தயாரிப்பாளரிடம் போய் நின்றாள். கை விஷயம் படத்தில் கண்டுபிடித்தது இல்லை, வீட்டில் கேட்டது. அதை நிகழ்ச்சியில் சொல்லிவிடுகிறேன் என்றாள். அவர் நாற்காலியைச் சுழற்றிக்கொண்டே கேட்டார். "சொன்னது பொய்யா?"

"பொய்யில்ல சார்."

"அப்புறம் என்ன? உண்மையைச் சொன்னதுக்கு எந்த ஊர்லயாவது மன்னிப்புக் கேப்பாங்களா? பார்க்கறவனுக்கு நம்பிக்கை போயிடும். போய் வேலையைப் பாருங்க டீச்சர்."

ஊதா அணிக்கு இனி நான் மார்க்குப் போட மாட்டேன் என்றாள். அதற்கு அவர் சம்மதித்தார். இரண்டாம் பாதியில் ஊதா அணியைப் பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் மாஜி பேசினார், அவள் காகிதங்களை அடுக்கினாள். வலது முன் சக்கரத்துக்குப் புதிதாக வந்த ஆள் வேகமாக இருந்தான். நாலு கைகளும் ஒன்றாக உயர்ந்தன. "ஊதா அணி திரும்ப எழுந்ததுன்னா அதுக்கு நம்ம டீச்சர்தான் காரணம்," என்று மாஜி ஒருநாள் நேரலையிலேயே சொல்லி வைத்தார், நல்லெண்ணத்தோடுதான். காமிரா அவள் பக்கம் திரும்பியது. அவள் சிரிக்க வேண்டியிருந்தது. நெட்டையன் கடைசியில் மாமாவைத் தாண்டி இரண்டாவதாக வந்தான்.

அண்ணனுக்கு மணிக்கட்டில் ஆபரேஷன் ஆனது. டீச்சர் இரண்டு நாள் லீவு போட்டு ஆஸ்பத்திரியில் அண்ணிக்குத் துணையாக இருந்தாள். அண்ணி அவளோடு பேசுவாள், மருந்துச் சீட்டைக் கொடுத்து அனுப்புவாள், பழம் நறுக்கித் தருவாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிக்கக்கூடச் செய்தாள். இரண்டாம் நாள் ஆஸ்பத்திரி நடையில் இருவரும் உட்கார்ந்திருந்தபோது அண்ணி சொன்னாள். "உன் புரோகிராம் வர்ற நேரத்துல இப்பல்லாம் அவரு நடக்கப் போயிடறாரு. டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காராம்." சற்றுப் பொறுத்து, "கைக்கு ஆபரேஷன் பண்றவங்க நடக்கச் சொல்வாங்களா என்னன்னு நானும் கேக்கல," என்றாள்.

அவன் வீட்டுக்கு வந்த பிறகு டீச்சர் பார்க்கப் போனாள். "வா பாப்பா," என்றான் அவன், எப்போதும்போல. கட்டுப் போட்ட கை தலையணை மேல் இருந்தது. விரல்கள் இரண்டு அசைகின்றன என்று அசைத்துக் காட்டினான். சீசன் முடிந்த வாரம் அது. எந்த வருஷமாக இருந்தாலும் அந்த வாரத்தில் அவர்கள் இருவரும் தொண்டை வறள வறள, யார் ஏமாற்றினான், யார் உழைத்தான், யாருக்கு அதிர்ஷ்டம் என்று பேசித் தீர்த்திருப்பார்கள். அண்ணி நடுவில் வந்து இரண்டு பேரையும் அடக்கியிருப்பாள்.

அவன் மாடிச் சுவரில் ஈரம் இறங்குவதைப் பற்றிப் பேசினான். மேலே குழாய் எங்கேயோ ஒழுகுகிறது, கொத்தனார் வருகிறேன் வருகிறேன் என்று இழுத்தடிக்கிறான், அதற்குள் பெயின்ட் எல்லாம் பொரிந்து உதிர்கிறது என்றான். அவள் எந்தப் பக்கத்துச் சுவர் என்று கேட்டாள். அவன் இடது கையால் காட்டினான். தனக்குத் தெரிந்த ஒரு கொத்தனார் இருக்கிறார், அவரை அனுப்பவா என்றாள். அனுப்பு என்றான். வெகுநேரம் அந்தச் சுவரைப் பற்றியே இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.